ரோஸ்மாலா திருத்திய சொற்கள்

இந்தோனேசியாவின் மேடான் நகரில் நான் பக்கம் கட்டிய நாளிதழில், ரோஸ்மாலாவின் மேசையைத் தாண்டாமல் எந்தச் செய்தியும் அச்சுக்குப் போகாது. அவர் மொழி திருத்துநர். நிருபர்கள் எழுதியதைச் சீராக்கி, அடுத்த மேசையில் இருந்த என்னிடம் தள்ளுவார். அச்சே மாநிலத்தில் பீருவென் ஊர்க்காரர். நாற்பத்திரண்டு வயது. கணவர் சர்வேடி மேடானுக்கும் பண்டா அச்சேக்கும் இடையில் பேருந்து ஓட்டினார்.

ரோஸ்மாலாவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு தாள் கிடந்தது. பழைய ஆட்சியில் எங்கிருந்தோ வந்தது, கையெழுத்து இல்லை. ஆட்சி விழுந்து மூன்று வருடமாகியும் அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. நிருபர் ‘கைது’ என்று எழுதினால் ‘பாதுகாப்பில் வைக்கப்பட்டார்’ என்று மாற்ற வேண்டும். ‘சுட்டுக் கொன்றனர்’ என்றால் ‘செயலிழக்கச் செய்தனர்’. தனிநாடு கேட்டு அச்சேயின் காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்கள் ‘அமைதி குலைப்போர்’. விலைகூட ஏறாது, ‘சரிசெய்யப்படும்’.

“அக்கா, கேன்டீன்ல இன்னிக்கு மீன் விலையைச் சரிசெஞ்சுட்டாங்க. எனக்குக் குழம்பு மட்டும்தான் கட்டுப்படியாச்சு” என்பேன்.

“வாயை மூடிட்டுப் பக்கத்தைக் கட்டு ராசையா. உன்னையும் பாதுகாப்பில வெச்சிரப் போறாங்க” என்று சிரிப்பார்.

அது அரசியல் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை, எனக்கும்தான். காற்புள்ளி வைப்பதுபோல அதுவும் ஒரு வேலை.

2001 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ஐந்து வரிச் செய்தி ஒன்று வந்தது. அச்சே சாலையில் ஒரு சோதனைச் சாவடி. பேருந்தின் கூரையில் பதினெட்டு அரிசி மூட்டை. காட்டுக்குப் போகிற அரிசி என்று சந்தேகம். ஓட்டுநர் ச. (46) கைது. முதல் வரியிலேயே ‘கைது’வை அடித்து ‘பாதுகாப்பில்’ என்று எழுதிவிட்டார் ரோஸ்மாலா. நான்காவது வரியில் பேனா நின்றது.

“ராசையா, இந்த வண்டி நம்பரைப் படி.”

படித்தேன். சர்வேடி ஓட்டுகிற வண்டி. தாளை என்னிடமிருந்து வாங்கி இன்னொரு முறை பார்த்தார். பிறகு கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். செய்தி, அவர் திருத்தியபடியே மறுநாள் ஆறாம் பக்கத்தில் வந்தது.

பதினோரு நாள் அலைந்தார். போன இடமெல்லாம் ஒரே பதில்: “பாதுகாப்பாத்தாம்மா இருக்காரு. பேப்பர்லயே போட்டிருக்கே, பாக்கலியா?”

பன்னிரண்டாம் நாள் சர்வேடி ஒரு காய்கறி லாரியில் வந்து இறங்கினார். வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. மூன்று விரல்களில் நகம் இல்லை. நான் பார்க்கப் போனபோது வாசலில் உட்கார்ந்து இடது கையால் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். மூட்டைகள் ஒரு கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியவை என்றார்.

“என்னதான் செஞ்சாங்க? என்கிட்டயாவது சொல்லுங்களேன்” என்றார் ரோஸ்மாலா.

“என்னத்தைச் சொல்ல? பாதுகாப்பா வெச்சிருந்தாங்கன்னு உங்க பேப்பர்லதானே போட்டிருக்கு.”

கோபமாகச் சொல்லவில்லை. பக்கத்துப் பெட்டிக்கடையில் பேப்பர் பார்த்திருந்தார், அவ்வளவுதான். அதைத் திருத்தியது யார் கை என்று அவருக்குத் தெரியாது. ரோஸ்மாலா அன்றைக்கே சொல்லிவிட்டார். சர்வேடி, “காப்பி ஆறிப்போச்சு, கொஞ்சம் சுட வெச்சுக் கொடு” என்றார்.

அடுத்த வாரம் வேலைக்கு வந்த ரோஸ்மாலா கண்ணாடியைத் தூக்கித் தாளை எடுத்துக் கிழித்தார். அதற்குப் பிறகு நிருபர் ‘கைது’ என்று எழுதினால் கைது. செத்தவர் எந்தப் பக்கத்து ஆள் ஆனாலும் பெயர், வயது, செய்த வேலை, சுடப்பட்டு இறந்தார். அவ்வளவுதான் அவருடைய மாற்றம்.

முதலில் சீருடைக்காரர்கள் தரப்பிலிருந்து தொலைபேசி வந்தது. “செயலிழக்கச் செஞ்சோம்னு அறிக்கை குடுத்தா, நீங்க ஏன் கொன்னோம்னு போடுறீங்க?” ஒரு மாதம் கழித்துக் காட்டிலிருந்து வந்தது. ஒரு கிராம எழுத்தரை அவர்கள் சுட்டிருந்தார்கள். “அவன் துரோகி. தண்டனை குடுத்தோம். அதைப் போய் எழுத்தர், மூணு பிள்ளைக்கு அப்பன்னு எழுதியிருக்கீங்க. யாரு பக்கம் நீங்க?”

“மூணு பிள்ளை இருக்கா இல்லியா? அதைச் சொல்லுங்க” என்று கேட்டார் ரோஸ்மாலா. எதிர்முனை வைத்துவிட்டது. அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன்.

ஆசிரியர் தோகார் பொல்லாதவர் அல்ல, பயந்தவர். ரோஸ்மாலாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“ரோஸ்மாலா, ரெண்டு பக்கமும் ஒரே வாரத்துல மிரட்டுறான். இந்தக் கட்டடத்துல அறுபது பேர் இருக்கோம்மா.”

“தெரியும் ஐயா. பழைய வார்த்தை என் கையில வர மாட்டேங்குது.”

அவரைக் கீழ்த்தளத்தில் வரி விளம்பரப் பிரிவுக்கு மாற்றினார்கள். வீடு வாடகை, பழைய மோட்டார் சைக்கிள், கல்யாணம், இறப்பு. அதோடு தொல்லை தீர்ந்தது என்று மேலே எல்லோரும் நினைத்தோம்.

இறப்பு அறிவிப்பு கொடுக்க அச்சேயிலிருந்து மேடானுக்கு ஓடிவந்த குடும்பங்கள் வரும். “எப்படி இறந்தாருன்னு போடணும்?” என்று ரோஸ்மாலா கேட்பார். முந்தைய ஆள் அதைக் கேட்டதில்லை. ‘காலமானார்’ என்று அவரே எழுதிவிடுவார். இவர் கேட்டதும் சிலர் திரும்பிப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொல்வார்கள். சொன்னபடி அச்சாகும்: நெல்லுக்கு நீர் பாய்ச்சப் போனபோது சுடப்பட்டு. வீட்டிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டு ஒன்பதாம் நாள் ஆற்றில். முதல் பக்கத்தில் பழையபடி ‘நால்வர் செயலிழக்கச் செய்யப்பட்டனர்’ என்று இருக்கும் நாளில், பதினோராம் பக்கத்துக் கட்டங்களில் அந்த நால்வரில் இருவர் பெயரோடும் வயதோடும் இருப்பார்கள்.

தோகாருக்கு இது தெரியாமல் இல்லை. காலையில் அவர் முதலில் திருப்புவது பதினோராம் பக்கம் என்பதை நானே பார்த்திருக்கிறேன். நிறுத்தச் சொல்லவில்லை.

2003இல் அச்சேயில் ராணுவச் சட்டம் வந்ததும் விளம்பரங்களையும் மேல்தளத்தில் ஆசிரியரிடம் காட்டி ஒப்புதல் வாங்கச் சொன்னார்கள். இரண்டு வாரம் பொறுத்துவிட்டு ரோஸ்மாலா வேலையை விட்டார். தோகார் வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

சர்வேடிக்கு அந்தக் கை சரியாகவே இல்லை. இருவரும் பேருந்து நிலையத்துக்கு எதிரே காப்பிக்கடை போட்டார்கள். 2005இல் சமாதானம் வந்து இரண்டு வருடமான பிறகு, ஒரு வெள்ளிக்கிழமை நான் அங்கே இருந்தபோது, பீருவென் பக்கத்திலிருந்து ஒரு பெண் விசாரித்துக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் உறையில் ஓர் இறப்பு அறிவிப்புத் துண்டு வைத்திருந்தார். மகன் சுட்டுக் கொல்லப்பட்டதைச் சொல்கிற காகிதம் அந்தக் குடும்பத்திடம் அது ஒன்றுதான்.

“நீங்கதானேம்மா எழுதினீங்க? என் பிள்ளையை ஞாபகம் இருக்கா?”

ரோஸ்மாலா துண்டை வாங்கிப் படித்தார். திரும்பவும் படித்தார். எத்தனையோ பெயர்கள்.

“இல்லீங்கம்மா” என்றார். “மன்னிச்சுக்குங்க. ஞாபகம் இல்லை.”

அந்தப் பெண்ணின் முகம் சற்று வாடியது. ரோஸ்மாலா கல்லாவைச் சர்வேடியிடம் விட்டுவிட்டு, வறுத்த வாழைப்பழமும் காப்பியும் கொண்டுவந்து வைத்து எதிரே உட்கார்ந்தார்.

“பையன் எப்படியிருப்பான்? சொல்லுங்க.”

“கறுப்பா, ஒல்லியா… பந்து விளையாடப் போனா சோறே மறந்துடும் அவனுக்கு” என்று தொடங்கினார் அந்தத் தாய். பீருவென் பேருந்து கிளம்பும்வரை அவர் சொல்ல, ரோஸ்மாலா கேட்டுக்கொண்டிருந்தார்.