பதினெட்டு புள்ளி மூன்று மீட்டர்

இது கற்பனை இல்லை. கற்பனை செய்யும் அளவுக்கு எனக்கு மூளை கிடையாது என்று என் மனைவி ஜெப்ஸியே சொல்வாள். நம்பாதவர்கள் தாராளமாக அடுத்த பக்கத்துக்குப் போகலாம், எனக்கு வருத்தமில்லை. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப் பூ வாசம் என்றெல்லாம் எழுதுகிறார்களே, அதெல்லாம் எனக்கு வாய்க்கவில்லை. எனக்கு நடந்தது போன செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை, பட்டப்பகல் மூன்று மணிக்கு. வெளியே தூத்துக்குடி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

என் பெயர் ஸ்டெபின். சொந்த ஊர் நாசரேத். தூத்துக்குடியில் கடை போட்டு, வீடுகளில் ஹோம் தியேட்டர் மாட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும்தான் என் பிழைப்பு. அன்று போனது கடற்கரை ஓரத்தில் ஜோன்ஸ் என்பவர் வீட்டுக்கு. சங்கு குளிக்கும் படகுகள் வைத்திருந்தவர். இரண்டு வருடங்களுக்கு முன்னால் எல்லாவற்றையும் திடீரென்று விற்றுவிட்டு வீட்டோடு முடங்கிவிட்டார். ஏன் விற்றார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

கேட்டைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிட்டார். "நீ மூணாவது ஆளுலே. முன்ன வந்த ரெண்டு பயலும் இப்ப போனே எடுக்க மாட்டேங்கானுவ."

எனக்குச் சுருக்கென்றது. "மொதல்ல பாப்போம் அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னேன். அவர் மனைவி ஹில்டா அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தியேட்டர் அறை மாடியில். ஜன்னலே கிடையாது. சத்தம் வெளியே போகாமலிருக்க நாலு சுவரிலும் மெத்தை அடித்திருந்தார்கள். கதவு ஒரு சாண் கனம். அதைச் சாத்திவிட்டால் உள்ளே பகலும் ராத்திரிதான்.

கோளாறு இதுதான். படம் ஓடிக்கொண்டிருக்கும்போது திரை சட்டென்று கறுத்துவிடும். அதே நொடியில் சப்ஊஃபர், அதாவது மூலையில் நிற்கும் பெரிய பேஸ் பெட்டி, தானாக இடிக்கும். தொம்… தொம்… தொம். மூன்றே தடவை. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் படம் திரும்பி வந்துவிடும்.

HDMI கேபிளை மாற்றினேன். தொம்… தொம்… தொம். எர்த் சரிபார்த்தேன். எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தம் அனுப்பும் ரிசீவரை முழுசாக ரீசெட் செய்தேன். மறுபடியும் அதே மூன்று. ஜோன்ஸ் என் பிடரியில் மூச்சு விடுகிற தூரத்தில் நின்றுகொண்டு, "தெரியலன்னா தெரியலன்னு சொல்லித் தொலையேம்லே" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

2.50க்கு மைக்கை வெளியே எடுத்தேன். இந்த மாதிரி ரிசீவருக்கு அறையை அளக்கத் தெரியும். நாற்காலியில் ஒரு சின்ன மைக்கை வைத்து, அதன் வயரை ரிசீவரில் செருகினால் போதும். ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சத்தம் விட்டு, அது எத்தனை மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று திரையில் காட்டும். கூட வருகிற மைக்கை வீட்டுக்காரர்கள் தொலைத்துவிடுவார்கள் என்பதால் என் பையில் எப்போதும் ஒன்று இருக்கும். ஆறு மீட்டர் வயர்.

மணி 2.58. திரையில் எண்கள் வந்தன.

இடது 3.1. வலது 3.1. நடு 2.9. சப்ஊஃபர் 18.3.

அறையின் மொத்த நீளமே ஏழு மீட்டர்தான். ஆனாலும் நான் அலட்டிக்கொள்ளவில்லை. சப்ஊஃபரை மட்டும் ரிசீவர் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும். எங்கள் தொழிலில் அந்த எண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை. அதுதான் என் தப்பு.

"எத்தனை?" என்றார் ஜோன்ஸ்.

"பதினெட்டு புள்ளி மூணு. அது அப்படித்தான் காட்டும் அண்ணாச்சி."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. திரையைப் பார்த்தபடியே பின்னால் நடந்து கதவுக்குப் போனார். "சரி பண்ணாம வெளிய வரப்படாது, கேட்டியா?" கதவு மூடியது.

க்ளிக்.

என்னை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்! கதவை உதைத்தேன், வாய்க்கு வந்தபடி திட்டினேன். மெத்தைச் சுவர் எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டது. போனில் டவர் இல்லை. வேலையை முடித்தால்தான் விடுவார் என்றால் முடித்துத் தொலைப்போம் என்று மறுபடி அளக்க விட்டேன்.

3.09. சப்ஊஃபர் 11.0.

மைக்கை நான் நகர்த்தவில்லை. பெட்டியையும் நகர்த்தவில்லை. இன்னொரு தடவை அளந்தேன்.

3.14. சப்ஊஃபர் 6.2.

அப்போதுதான் உறைத்தது… ஏதோ கிட்டே வருகிறது.

சப்ஊஃபரின் வயரைப் பிடுங்கினேன். கரண்ட் பிளக்கையும் பிடுங்கினேன். இனி அளந்தால் 'சப்ஊஃபர் இல்லை' என்றுதான் வர வேண்டும்.

3.19. சப்ஊஃபர் 2.4.

காலுக்கடியில் கார்ப்பெட் சதக்கென்றது. குனிந்து தொட்டேன். தண்ணீர். உப்பு நாற்றம்.

ரிசீவரையும் பிடுங்கினேன். அறையில் இருந்த ஒரே வெளிச்சமான திரையும் அணைந்தது. கும்மிருட்டு.

தொம்… தொம்… தொம்.

கரண்டே இல்லாத பெட்டியிலிருந்து.

போன் டார்ச்சை அடித்தேன். ஏதாவது செய்ய வேண்டுமே என்று மைக் வயரை ரிசீவரிலிருந்து கழற்றிச் சுருட்ட ஆரம்பித்தேன். ரெண்டு சுருட்டுதான் சுருட்டியிருப்பேன். வயர் விறைத்தது.

டார்ச்சைத் திருப்பினேன். நாற்காலியில் மைக் இல்லை. வயர் நாற்காலியைத் தாண்டி, பின்னால் இருட்டுக்குள் இறங்கியிருந்தது.

ஒரு இழுப்பு.

இன்னொன்று.

இன்னொன்று…

விட்டுவிட்டேன்.

சர்ர்ரென்று வயர் ஓடியது. ஆறு மீட்டர் வயர்… ஓடிக்கொண்டே இருந்தது. நிற்கவே இல்லை.

3.26க்குக் கதவு திறந்தது. சாவியோடு ஹில்டா அக்கா நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. "ஓடிருங்க தம்பி" என்றார். படிக்கட்டில் ஜோன்ஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பையைக்கூட எடுக்காமல் அவரைத் தாண்டித்தான் ஓடினேன்.

இரண்டு நாள் கழித்து ஹில்டா அக்கா என் பையோடு கடைக்கு வந்தார். நடந்ததையெல்லாம் சொன்னேன். தலையைக் குனிந்தபடியே பேசினார்.

"அவர் படகுல ஏசுவடியான்னு ஒரு ஆளு சங்கு குளிச்சான். ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒரு நாளு, கீழ அவன், மேல கயித்தைப் பிடிச்சிட்டு இவரு. குளிக்கக் கூடாத இடம். ரோந்துப் படகு வருதுன்னு பயந்து, கயித்தை விட்டுட்டுப் படகை எடுத்துட்டாரு."

"அந்த ஆளு?"

"இன்னைக்கு வரைக்கும் கெடைக்கல."

"எவ்வளவு ஆழம்க்கா?"

"பத்து பாகம். மீட்டர்ல சொன்னா பதினெட்டு சொச்சம். அதான் நீங்க சொன்னதும் அவருக்குத் தெரிஞ்சிட்டு."

"கயித்தை மூணு தடவை இழுத்தா என்னக்கா அர்த்தம்?"

"என்னைத் தூக்குன்னு அர்த்தம்." அப்போதுதான் அவர் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார். "நீங்க தூக்குனீங்களா தம்பி?"

நான் பையை வாங்கி மேசைக்கு அடியில் வைத்தேன்.

அவர் போனதும் பையைத் திறந்தேன். மைக் உள்ளே இருந்தது. வயர் ஈரமாக, அழகாகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. நான் சுருட்டவில்லை. ஹில்டா அக்காவும் பையைத் திறக்கவே இல்லை என்று போனில் சொன்னார். அன்று சாயங்காலமே அதைக் கொண்டுபோய்க் கடலில் எறிந்தேன். புது மைக் வாங்கினேன். பிழைப்பை விட முடியாதே.

போன வாரம் ஓட்டப்பிடாரத்தில் ஒரு வீடு. புது ரிசீவர், புது ஸ்பீக்கர், எல்லாமே நான் மாட்டியது. காலை 11.20. கடல் வாடையே இல்லாத ஊர். புது மைக்கை வைத்து அளந்தேன்.

இடது 2.6. வலது 2.6. நடு 2.4.

சப்ஊஃபர் 18.3.

"என்ன தம்பி, பதினெட்டுன்னு காட்டுது?" என்றார் வீட்டுக்காரர். அது அப்படித்தான் காட்டும் என்றேன். பையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் எங்கேயும் அளக்கவில்லை. அளந்தால் எண் குறையும். வயர் என் கையில் இருக்கும். மூன்று இழுப்பு வரும்… இந்தத் தடவை விடமாட்டேன் என்று சொல்ல எனக்கும் ஆசைதான்.

சொல்ல முடியவில்லை.