மீட்டர்காரர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்

எங்கள் பகுதிக்கு மின்சார மீட்டர் பார்க்க வருகிறவரை எல்லோரும் மீட்டர்காரர் என்றுதான் சொல்வோம். பதினேழு வருடமாக அவர்தான் வருகிறார். மாதம் ஒருமுறை என் மருந்துக்கடைக்குள் நுழைவார். கதவுக்குப் பின்னால் இருக்கும் பெட்டியைத் திறந்து டார்ச் அடிப்பார். கையிலிருக்கும் கருவியில் எண்ணைத் தட்டிவிட்டுப் போய்விடுவார். மொத்தமே ஒரு நிமிடம். இத்தனை வருடத்தையும் கூட்டிப் பார்த்தால் நானும் அவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தது மூன்றரை மணி நேரம்கூட வராது.

அவர் மனைவி ஜன்னல் திரை தைக்கக் கொடுத்திருந்தார். இரண்டு வாரம் ஆகியும் வரவில்லை. "தைச்சாச்சாம்மா?" என்று தையல்கார அம்மாவுக்குச் செய்தி அனுப்பினார். பதிலுக்கு எழுத்து எதுவும் வரவில்லை, ஒரு ஸ்டிக்கர்தான் வந்தது. ஒரு மனிதரின் முகத்தை மட்டும் கத்தரித்து எடுத்த படம். கழுத்தை முன்னால் நீட்டி, ஒரு புருவத்தைத் தூக்கி, கீழுதட்டைக் கொஞ்சம் பிதுக்கிக்கொண்டு எதையோ உற்றுப் பார்க்கிற முகம்.

மனைவி போனை எடுத்துக்கொண்டு நேராகச் சாப்பாட்டு மேசைக்கு வந்தார்.

"ஏங்க, தையல்காரம்மா போன்ல உங்களுக்கு என்ன வேலை?"

மீட்டர்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவரேதான். மூக்கின் இடது பக்கத்து மச்சம்கூட அப்படியே இருந்தது.

"மீட்டர் பாக்கும்போது யாரோ எடுத்திருக்காங்க போல."

"மீட்டரைப் பாத்தா இப்படியா முழிப்பீங்க? வேற எதையோ பாத்திருக்கீங்க."

"எதை?"

"என்னைக் கேட்டா?"

அந்தக் கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. யார் எடுத்தார்கள் என்பதைவிட, எதைப் பார்த்து இப்படி ஒரு முகம் தனக்கு வந்தது என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அடுத்த விடுமுறை நாளில் தையல் கடைக்குப் போனார். அந்த அம்மா தலையை நிமிர்த்திப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டார்.

"ஐயையோ! நீங்க நிஜமாவே இருக்கீங்களா?"

ஏதோ தூர தேசத்து நகைச்சுவை நடிகர் என்று நினைத்திருந்தாராம்.

"இதை எதுக்கு அனுப்புவீங்க?" என்று கேட்டார் இவர்.

"ஆகும், ஆனா எப்பன்னு கேக்காதீங்கன்னு அர்த்தம் சார். வாயால சொன்னா சண்டைக்கு வர்றாங்க. உங்க மூஞ்சியை அனுப்பினா சிரிச்சுட்டு விட்டுடறாங்க."

"உங்களுக்கு யார் அனுப்பினது?"

"மருந்துக்கடை சார்."

அப்படித்தான் அவர் என் முன்னால் வந்து நின்றார். மீட்டர் பார்க்கிற நாள் இல்லையே என்று யோசித்துக்கொண்டே, "என்ன மாத்திரை வேணும் சார்?" என்று கேட்டேன். அவர் போனை நீட்டினார். போனைப் பார்த்தேன், அவரைப் பார்த்தேன், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. டாக்டர் எழுதிய சீட்டைப் படமெடுத்து எனக்கு அனுப்புகிறவர்கள் தினமும் பத்துப் பேராவது இருப்பார்கள். கையெழுத்து புரியாதபோதெல்லாம் நான் அனுப்புவது அந்த முகத்தைத்தான். ஒன்றரை வருடமாக அவரை ஊருக்கெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். அதே ஆள் மாதாமாதம் என் கதவுக்குப் பின்னால் நின்று டார்ச் அடித்திருக்கிறார்; எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார்."

"இல்லை சார். எனக்கு இது எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சா போதும்."

போனில் மேலே மேலே தள்ளிப் பார்த்தேன். எங்கள் குடியிருப்பின் குரூப்பில்தான் முதலில் வந்திருந்தது, அனுப்பியவர் செயலாளரான கணக்கு டீச்சர். ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது, ஆனால் குரூப்பில் இன்னும் வகுப்புதான் நடத்துகிறார். மதியம் கடையைச் சாத்துகிற நேரம். எனக்கும் ஆர்வம் தொற்றிக்கொண்டது. "வாங்க, நானும் வர்றேன்" என்றேன்.

டீச்சர் எங்கள் இருவரையும் உட்கார வைத்துவிட்டு, மீட்டர்காரர் முகத்தையும் போனில் இருந்த முகத்தையும் மாறி மாறிச் சரிபார்த்தார், விடைத்தாள் திருத்துகிற மாதிரி.

"லிஃப்ட் சரியாயிடுச்சுன்னு கம்பெனிக்காரங்க இதுவரைக்கும் பதினாலு தடவை மெசேஜ் போட்டிருக்காங்க. பதினாலு தடவையும் உங்களைத்தான் பதிலா அனுப்பினேன்."

"எதுக்கு மேடம்?"

"நான் நம்பலைன்னு அர்த்தம்."

"நான் எதையும் நம்பாத ஆள் இல்லையே மேடம்" என்றார் அவர், கொஞ்சம் வருத்தமாக.

டீச்சர் அவர் முகத்தை இன்னொரு முறை பார்த்தார். "உங்க மூஞ்சியில சந்தேகம் இருக்குன்னுதான் நான் நினைச்சேன். இப்ப பாத்தா அப்படித் தெரியலை" என்றார். பிறகு, அதைத் தனக்கு அனுப்பியது நாலாவது மாடிப் பெண் என்று சொன்னார். வீட்டிலேயே உட்கார்ந்து வெளிநாட்டுத் தொடர்களுக்கு அடியில் ஓடுகிற எழுத்துகளைப் போடுகிறவள். லிஃப்ட் ஓடாததால் மூன்று பேரும் படியேறினோம்.

கதவைத் திறந்தவள் காதில் ஹெட்போனோடு நின்றாள். மீட்டர்காரரைக் கண்டதும் அதைக் கழற்றிவிட்டாள்.

"சார், மன்னிச்சிடுங்க. நான்தான்."

"அதை விடும்மா. நான் எதைப் பாத்துக்கிட்டு இருந்தேன்?"

அவள் இந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. உள்ளே போய்க் கம்ப்யூட்டரில் பழைய படங்களைத் தேடினாள். நாங்கள் மூவரும் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றோம். கடைசியில் ஒரு படத்தைத் திறந்தாள்.

கீழே இருக்கும் மீட்டர் அறை. மழைக்காலம், தரையெல்லாம் ஈரம். மீட்டர்காரர் குந்தி உட்கார்ந்திருக்கிறார். திறந்த பெட்டிக் கதவின் விளிம்பில், கட்டைவிரல் அளவில் ஒரு பச்சைத் தவளை. அதுவும் கழுத்தை நீட்டி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. இரண்டு முகத்திலும் ஒரே முழி.

டீச்சர்தான் முதலில் சிரித்தார். மீட்டர்காரர் சிரிக்கவில்லை. குனிந்து திரைக்கு வெகு அருகில் போனார். அப்போது அவருக்கு அந்த முகமே வந்திருந்தது.

"ஆமா! இந்தத் தவளை! கதவை மூடினா நசுங்கிடும்னு காத்துக்கிட்டே இருந்தேன். போகவே மாட்டேன்னுச்சு. அட்டையில ஏத்திக் கொண்டுபோய்ப் பூந்தொட்டியில விட்டேன். வீட்டுல சொல்லணும்னுகூடத் தோணலை. சொல்ல என்ன இருக்கு அதுல?"

"அப்போ தவளையை எதுக்கும்மா வெட்டினே?" என்றேன் நான்.

"எங்க அக்கா வெளியூர்ல இருக்கா. அவளுக்கு அனுப்பத்தான் எடுத்தேன். தவளைன்னா அவ போனையே தூக்கிப் போட்டுடுவா. அதான் சாரை மட்டும் வெட்டி அனுப்பினேன். அவ அவளோட ஆபீஸ்ல எல்லாருக்கும் அனுப்பிட்டா. போன வாரம் என்கூட வேலை பாக்கற ஒருத்தர், அவர் எந்த நாடுன்னே எனக்குத் தெரியாது, எனக்கே இதை அனுப்பறார். என்கிட்ட இருக்கறதை அழிச்சிடறேன் சார். ஆனா வெளியே போனதைத் திரும்பக் கூப்பிட முடியாது."

மீட்டர்காரர் திரையிலிருந்து நிமிர்ந்தார்.

"அன்னிக்கே கேட்டிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். "இப்போ அப்படிச் சொல்லத் தோணலை. ஆனா இனிமே யாரை எடுத்தாலும் ஒரு வார்த்தை கேட்டுடும்மா."

"கண்டிப்பா சார்."

"தவளையோட ஒண்ணு செஞ்சு கொடுக்க முடியுமா?"

அங்கேயே செய்து கொடுத்தாள். அவர் மனைவிக்கு அனுப்பினார். உடனே பதில் வந்தது: "ரெண்டுல எது நீங்க?"

அந்தப் புது ஸ்டிக்கரை நானும் வாங்கிக்கொண்டேன், பயன்படுத்தியும் பார்த்தேன். எடுபடவில்லை. "தவளை எதுக்கு சார்?" என்று கேட்கிறார்கள். அவர் எதைப் பார்க்கிறார் என்று தெரிந்துவிட்டால் அது அவருடைய விஷயமாகிவிடுகிறது, நம்முடைய பதிலாக இருக்க முடிவதில்லை. தையல்கார அம்மா, டீச்சர், நான் மூவரும் ஆளுக்கொரு அர்த்தத்தை அந்த முகத்தில் ஏற்றியிருந்தோம். அதில் ஒன்றுகூட அவருடையது இல்லை. வெறும் ஆச்சரியம்தான் அது. தவளை இருக்கிற படம் இப்போது அவர் குடும்பத்துக்குள் மட்டும் சுற்றுகிறது. அவர் மனைவி அதைத்தான் தன் போனின் முகப்பில் வைத்திருக்கிறார்.

இப்போதெல்லாம் மீட்டர்காரர் என் கடையில் ஒரு நிமிடத்தில் கிளம்புவதில்லை. போன மாதம் என் போனில் இருக்கும் மற்ற ஸ்டிக்கர்களை எல்லாம் காட்டச் சொன்னார். அதில் ஒரு வயதான பெண், உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார். நான் எத்தனையோ முறை அனுப்பிய படம்.

"இவங்க யாரு சார்?"

"தெரியலையே."

"எதைப் பாத்து இப்படிச் சிரிக்கறாங்க?"

அதை எனக்கு அனுப்பியது மாத்திரை சப்ளை செய்கிறவர். அவரைக் கேட்டேன். தன் மச்சான் அனுப்பியதாகச் சொல்லி மச்சானின் எண்ணைக் கொடுத்தார். நான் யார், எதற்குக் கேட்கிறேன் என்று விளக்கி நீளமாக ஒரு செய்தி எழுதி அனுப்பியிருக்கிறேன். அவர் பார்த்துவிட்டார் என்று போன் காட்டுகிறது. பதில் இன்னும் வரவில்லை.