பூஜையில் இருந்த சார்ஜர்

கரண்டில் ஓடுவதெல்லாம் எங்கள் அப்பாவுக்கு இயந்திரம்தான். கருமத்தம்பட்டியில் வீட்டை ஒட்டியே எங்கள் தறிக்கூடம். ஆயுத பூஜையன்று தறிகளை நிறுத்திச் சந்தனம் வைத்த பிறகு ஸ்பேனர், மிக்ஸி, டேபிள் ஃபேன் என்று எல்லாவற்றுக்கும் பொட்டு ஏறும். பல்புகளுக்கு மட்டும் மன்னிப்பு உண்டு. மறுநாள் காலையில் இன்னொரு தீபாராதனை ஆகும்வரை எதையும் தொடக் கூடாது. பூஜையன்று தறி ஓட்டிய ஒருவரின் கண்ணில், ஊடுநூலோடு தறியில் குறுக்கே பாயும் நாடா பறந்து வந்து அடித்த கதையை அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள். எட்டு வயதில் அதற்கு மேல் எதுவும் சொல்லத் தேவையில்லை.

அந்த வருடம் புதிதாக ஒன்றுக்கும் பொட்டு கிடைத்தது. துபாயில் வேலை பார்த்த மாமா, அதாவது என் அத்தையின் கணவர், காமிராவோடு கொண்டுவந்த பேட்டரி சார்ஜர். தீர்ந்த செல்லை அதில் செருகினால் மறுபடி உயிர் வந்துவிடும் என்பதை நாங்கள் பாதிதான் நம்பினோம். கைக்குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போகும்போது இரண்டையும் எங்கள் வீட்டில் விட்டுப் போயிருந்தார்கள். அப்பா சார்ஜருக்கு நெற்றி என்று தோன்றிய இடத்தில் சந்தனம் வைத்து, ஸ்பேனர்களுக்கு நடுவே உட்காரவைத்தார்.

பூஜை முடிந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் டாக்சி வந்து நின்றது. அத்தையும் மாமாவும் குழந்தையோடு இறங்கினார்கள். பிறந்ததிலிருந்தே அதற்கு நெஞ்சில் கோளாறு. உதடு நீலம் பாரித்திருந்தது. பண்டிகைக்காக ஆஸ்பத்திரியில் அனுப்பியிருக்கிறார்கள் என்றாள் அம்மா.

அத்தை வந்ததும் கேட்டது காமிராவைத்தான். மாமா பொத்தானை அழுத்தினார். சத்தமே இல்லை. உள்ளே கிடந்தபடியே செல்கள் இறங்கிப் போயிருந்தன. பெட்டிக்கடையில் டார்ச்சுக்குப் போடும் பெரிய செல்தான் இருந்தது. ஸ்டூடியோவுக்கு ஓடிய அப்பாவும் வெறுங்கையோடு திரும்பினார். ஸ்டூடியோக்காரரும் காமிராவைப் பூஜையில் வைத்துவிட்டாராம், காலையில்தான் எடுப்பாராம்.

"நாமளும் விடிஞ்சதும் எடுத்துக்கலாமுங்க மாப்பிள்ளை" என்றார் அப்பா.

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தைதான், "காலைல வரைக்கும் வேண்டாமுங்ணா. இன்னைக்கே எடுத்துப்போடலாமுங்ணா" என்றாள்.

அப்பா குழந்தையைப் பார்த்தார். பிறகு பூஜையிலிருந்து சார்ஜரை எடுத்து, வேட்டி நுனியால் சந்தனத்தைத் துடைத்து, செல்களைப் போட்டுச் சுவரில் செருகினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

"வேண்டாமுங்கப்பா, நாடா வந்து அடிச்சுப்போடும்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். திட்டுவார் என்றுதான் நினைத்தேன். "நீ போயி வெளையாடு அம்மணி" என்றார், எனக்குப் பழக்கமில்லாத குரலில்.

நான் விளையாடப் போகவில்லை. தறிக்கூடத்தின் கதவைத் தாழ்போட்டு, அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன். உள்ளே தறிகள் தாமாகவே ஓடத் தொடங்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். மாமா அடிக்கடி சார்ஜரைத் தொட்டு, சூடாகிவிட்டதா என்று பார்த்தார். யாரும் சாமியிடம் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் சேர்த்து நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் படம் எடுத்தார்கள். ஃபிளாஷ் வெட்டும்போதெல்லாம் குழந்தை விழித்து விழித்துப் பார்த்தது. அத்தை சிரித்தாள். பக்கத்தில் நிறுத்தப்பட்ட நான் நாடாவுக்குப் பயந்து இரண்டு கைகளாலும் கண்ணைப் பொத்திக்கொண்டேன். எல்லாப் படத்திலும் அப்படித்தான் நிற்கிறேன்.

அந்த வாரத்திலேயே குழந்தை இறந்துபோனது.

அப்பா சார்ஜரைச் செருகியதால்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அத்தைக்கும் தெரிந்துவிடும் என்று பயம். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே எழுந்து போய்விடுவேன். ஆஸ்பத்திரியில் இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லித்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள் என்பது, சார்ஜரைக் கையில் எடுக்கும்போதே அப்பாவுக்குத் தெரியும்.