பதினோராம் இலக்கத்துக்குப் பிறகு

ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. தவணை முடிவில் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு வரியில் எழுதிக் கொடுப்பதுதான் சீவன் போகிற வேலை. இதை வாசிக்கிற ஆசிரியர்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. தேர்ச்சி அறிக்கையில் புள்ளிகளுக்குக் கீழே 'வகுப்பாசிரியர் குறிப்பு' என்று ஒரு கோடு இருக்கும். நீங்களும் அதில் 'நன்று', 'மேலும் முயற்சி தேவை' என்று எழுதித் தப்பியிருப்பீர்கள். எனக்கு அது முடிவதில்லை. எனக்கு விடுப்புக் குணம், மற்றவர் சங்கதியை அறிகிற ஆசை, கொஞ்சம் கூட. எந்தப் பிள்ளை எதை ஏன் செய்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன், பார்த்ததை எழுதாவிட்டால் மனம் கேட்காது. இருபத்திரண்டு வருடம் அதில் ஒரு பிழையும் வரவில்லை. போன இரண்டாம் தவணையில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

ஐந்தாவது கால்

பண்டத்தரிப்புப் பக்கத்தில் சின்னப் பள்ளிக்கூடம் எங்களுடையது. என் வகுப்பு தரம் மூன்று. அதில் நிலானி என்ற பிள்ளை வருடத் தொடக்கத்தில் வந்து சேர்ந்தாள். எழுதுவாள், விளையாடுவாள், சிரிப்பாள். கதைக்க மட்டும் மாட்டாள். இரண்டு தவணையாக அவள் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. நானும் செய்யாத வித்தை இல்லை. ஒருநாள் கரும்பலகையில் மாட்டுக்கு ஐந்து கால் கீறினேன். மற்றப் பிள்ளைகள் கூரை பறக்கக் கத்தினார்கள். நிலானி எழும்பி வந்து ஐந்தாவது காலை அழித்துவிட்டுத் தன் இடத்தில் போய் இருந்தாள்.

தவணைப் பரீட்சைக்கு முதல் கிழமை அவளுடைய தாய் என்னைத் தேடி வந்தார். வீட்டில் பிள்ளை நன்றாகக் கதைக்கிறதாம். பள்ளிக்கூடத்தில் மட்டும் இப்படி இருப்பது தகப்பனுக்குத் தாங்கவில்லை. இந்த முறை அறிக்கையிலும் கதைக்கவில்லை என்று வந்தால், மூன்றாம் தவணையிலிருந்து சாவகச்சேரியில் மாமி வீட்டில் விட்டு அங்கே படிப்பிப்பது என்று முடிவெடுத்துவிட்டார். இடம் மாறினால் வாய் திறப்பாள் என்று யாரோ சொன்னார்களாம். எட்டு வயதுப் பிள்ளையைப் பிரிந்திருக்க வேண்டும் என்ற நினைப்பிலேயே தாயின் கண் கலங்கிப் போயிருந்தது. போகும்போது சொன்னார்: "பொய் எழுதச் சொல்லேல்லை ரீச்சர். எழுதேக்கை கொஞ்சம் பாத்து எழுதுங்கோ."

மிஞ்சிய வரி

பார்த்துத்தான் எழுதினேன். அறிக்கையில் எழுதுவதற்கு முன்னால் ஒரு கொப்பியில், வரவு பதிகிற இடாப்பின் இலக்க ஒழுங்குப்படி, ஆளுக்கொரு வரி எழுதி வைப்பது என் வழக்கம். பெயர் போடுவதில்லை. பதினேழு பிள்ளைகள், பதினேழு வரிகள். நிலானிக்கு மூன்று தரம் வெட்டி நான்காம் தரம் இப்படி எழுதினேன்: 'வகுப்பில் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் கவனிக்கிறார்.' உண்மையை விட முடியவில்லை.

தவணையின் கடைசி நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் சம்பூப் பக்கற்றுகளை வெட்டி ஊற்றி மேசை கழுவுகிறார்கள், வகுப்பு முழுக்க நுரை, ஒருவன் நுரையில் தாடி வைத்துக்கொண்டு அதிபரைப் போல நடக்கிறான். அதற்கு நடுவில் நான், பெயரைக்கூடப் பார்க்காமல், அடுக்கி வைத்த அறிக்கைகளில் கொப்பியின் வரிகளை வரிசையாக இறக்கினேன். முடிந்தபோது கொப்பியில் ஒரு வரி மிஞ்சியது. பதினோராம் இலக்கப் பையன் பரீட்சை முடிந்த கையோடு விடுகைப் பத்திரம் எடுத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டான். அவனுடைய வரியாக்கும் என்று நினைத்து, அதை வாசிக்காமலே கொப்பியை மூடினேன். அதிபர் எட்டிப் பார்த்துவிட்டு, "பாத்தீங்களோ ரீச்சர், இந்த முறை நீங்கள்தான் எல்லாருக்கும் முதல் முடிச்சிருக்கிறியள்" என்றார்.

நாலாம் நாள் தொலைபேசி

விடுமுறை தொடங்கி நாலாம் நாள் சாரங்கனின் தகப்பன் தொலைபேசியில் அழைத்தார். சாரங்கன் பதினைந்தாம் இலக்கம். காலைக் கூட்டத்தில் ஒலிவாங்கியைப் பிடித்தால் விடாத பிள்ளை. தகப்பன் அறிக்கையிலிருந்து எனக்கே வாசித்துக் காட்டினார்: "வகுப்பில் இன்னும் வாய் திறக்கவில்லை."

கொப்பியை எடுத்துப் பார்த்தேன். போன பையனின் வரியை நான் வெட்டவே இல்லை. அந்த வரி பன்னிரண்டாம் பிள்ளைக்குப் போய்விட்டது. பன்னிரண்டின் வரி பதின்மூன்றுக்கு. அப்படியே கடைசி வரைக்கும் ஆறு பிள்ளைகளுக்கும் பக்கத்துப் பிள்ளையின் வரி. சாரங்கனுக்குப் போனது நிலானியுடையது. அப்படியானால் பதினான்காம் இலக்கம் நிலானிக்கு எது போனது? பதின்மூன்றாம் இலக்கம் கீர்த்தனாவின் வரி. கீர்த்தனா வாயோயாக் கிளி. 'வகுப்பில் ஓயாமல் கதைக்கிறார், கேள்விக்கு மேல் கேள்வி கேட்கிறார், சற்றுக் குறைத்தால் நல்லது' என்று நான்தான் எழுதியிருந்தேன்.

பிழை விட்டுவிட்டேன், வந்து திருத்தித் தருகிறேன் என்று கெஞ்சினேன். தகப்பன் கோபிக்கவே இல்லை. "ஆறுதலா வாங்கோ ரீச்சர். வரேக்கை, உவன்ரை வாயை எப்பிடி மூடிறது எண்டு மட்டும் ஒருக்காக் காட்டித் தாங்கோ."

சாப்பாட்டுப் பெட்டி

அதிபரிடம் ஒப்புக்கொண்டு ஆறு புது அறிக்கைகள் வாங்கி எழுதிப் பையில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினேன். முதல் வீடு பன்னிரண்டாம் இலக்கம், மதுசன். அவனுக்குப் போயிருந்தது யாழ்ப்பாணம் போன பையனின் வரி: 'முதலாம் பாடத்திலேயே சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறார்.' மதுசனோ அமைதியாக இருந்து படம் கீறுகிற பிள்ளை. நான் பிழையைச் சொல்ல வாயெடுக்க முன்னமே தாய் தொடங்கிவிட்டார். வீட்டில் ஒரு இடியப்பத்தோடு மல்லுக்கட்டுகிற பிள்ளை, பள்ளிக்கூடத்திலிருந்து பெட்டியை வெறுமையாகக் கொண்டுவருவது எப்படி என்று அவருக்கும் நெடுநாளாகச் சந்தேகமாம்.

எனக்கும் இப்போது விடுப்பு வந்துவிட்டது. அவன் பக்கம் திரும்பினேன். கதவுக்குப் பின்னால் நின்ற மதுசன் அழுவாரைப் போலக் கேட்டான்: "பள்ளிக்கூடத்து நாய்க்குக் குடுக்கிறதையும் பாத்தனீங்களோ, ரீச்சர்?"

நிறப் பென்சில்கள்

கீர்த்தனாவுக்குப் போனது மதுசனின் 'படம் கீறுவதில் நல்ல ஆர்வம்'. அவள் ஒரு நாளும் படம் கீறியதில்லை, கதைத்துக்கொண்டு கீறுவது கஷ்டம். தாய் அந்த வரியை நம்பி நிறப் பென்சில் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தார். நான் போனபோது பிள்ளை விறாந்தையில் குப்புறப் படுத்திருந்து கோழி கீறிக்கொண்டிருந்தாள். அரை மணித்தியாலமாக அந்த வீட்டில் சத்தமே இல்லையாம். சரியான அறிக்கையை நீட்டினேன். தாய் இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்துவிட்டு, "இது எங்களுக்குத் தெரிஞ்சதுதானே ரீச்சர், பழசையும் வைச்சிருக்கட்டோ?" என்றார்.

தகப்பனின் பதில்

நிலானி வீட்டைக் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே போனேன் என்பதை மறைக்கவில்லை. வாசல் படலையில் என்னைக் கண்டதும் தாய் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். தகப்பன் தண்ணி இறைக்கிற மெசினைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தவர், கையில் எண்ணெயோடு எழும்பி வந்தார். "உந்த வரியை நான் பத்துத்தரம் வாசிச்சன் ரீச்சர். சாவகச்சேரியிலை அக்காவுக்கும் போன் அடிச்சுச் சொல்லிப்போட்டன், பிள்ளை வரமாட்டா எண்டு." சாமித்தட்டில் இருந்த அறிக்கையை எடுத்துவரச் சொன்னார். பெற்றோர் கையெழுத்து வைக்கிற இடத்துக்கு மேலே, 'சற்றுக் குறைத்தால் நல்லது' என்ற என் வரிக்குப் பதில் சொல்வதுபோல அவர் உருட்டி உருட்டி எழுதியிருந்தார்: "கதைக்கட்டும். குறைக்க வேண்டாம்."

படலையடி

பையில் சரியான அறிக்கை இருந்தது. தேத்தண்ணி குடித்து முடியும்வரை என் கை அந்தப் பையின் மேலேயே இருந்தது, திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த மனிசனின் சந்தோசத்தைப் பறிக்கவும் முடியவில்லை, பொய்யை அப்படியே விட்டுவிட்டு எழும்பவும் முடியவில்லை. கடைசியில், பள்ளிக்கூடம் தொடங்க முதல் இன்னொரு நாள் வந்து சொல்வோம் என்று எனக்கே சாட்டுச் சொல்லிக்கொண்டு எழும்பினேன். நிலானி அவ்வளவு நேரமும் என் பையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

படலையைச் சாத்த அவள்தான் பின்னால் வந்தாள். ஸ்கூட்டியில் ஏறி இருந்த என்னிடம், "அது கீர்த்தனான்ரை வரி" என்று ஒரு குரல் சொன்னது. நான் நினைத்திருந்ததை விடக் கொஞ்சம் கரகரப்பான குரல். இரண்டு தவணையாக நான் கேட்க ஏங்கிய குரல் அதுதான் என்று விளங்கவே எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"ஓம் பிள்ளை, நான் விட்ட பிழை" என்றேன். விடுப்பு விடவில்லை. "ஏன் பிள்ளை இவ்வளவு நாளும் கதைக்கேல்லை?"

அவள் வீட்டை ஒருதரம் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "நான் கேக்க நினைக்கிறதை எல்லாம் கீர்த்தனா முதலே கேட்டுப்போடுறா. பிறகு கேக்க ஒண்டும் மிஞ்சிறேல்லை." படலையைச் சாத்திவிட்டு அதன் இடுக்கால் சொன்னாள்: "அப்பாட்டைச் சொல்லாதேங்கோ ரீச்சர். பள்ளிக்கூடம் துவங்கட்டும், நான் கதைக்கிறன்."

மூன்றாம் தவணை

எல்லாம் திருத்தியாயிற்றா என்று அதிபர் கேட்டார். ஐந்து முடிந்தது, ஆறாவதைப் பிள்ளை தானே திருத்துகிறேன் என்று சொல்லியிருக்கிறது என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "ஒரு கிழமை பாப்பம் ரீச்சர். இல்லாட்டி நானே தகப்பனைக் கூப்பிட்டுச் சொல்லுவன்" என்றார்.

முதல் நாள் நிலானி கதைக்கவில்லை. இரண்டாம், மூன்றாம் நாளும் இல்லை. நான் அவள் பக்கம் பார்க்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நாலாம் நாள் சுற்றாடல் பாடம், வீட்டு விலங்குகள். வழக்கம்போலக் கீர்த்தனா கோழியைப் பற்றி ஏழெட்டுக் கேள்வி கேட்டு முடித்து மூச்சு வாங்க நிறுத்தினாள். பின்வாங்கில் நிலானி எழும்பினாள். மதுசன் நாய்க்குச் சாப்பாடு கொடுத்த கதை அதற்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியிருந்தது, ஆனால் அவள் கேட்டதை நானோ கீர்த்தனாவோ யாருமே யோசித்திருக்கவில்லை. "ரீச்சர், பள்ளிக்கூடம் பூட்டியிருக்க, அந்த நாய்க்கு ஆர் சாப்பாடு குடுத்தது?"

இருபத்திரண்டு வருடமாக நான் பிள்ளைகளைப் பார்த்துக் குறிப்பு எழுதியதில், குறிப்பைப் பார்த்துப் பிள்ளை மாறியது இந்த ஒருமுறைதான், அதுவும் நான் பிழையாக எழுதியதால்.