ஊறுகாய் பாட்டிலில் போன பாசி

என் மதினி பாண்டிமீனாவுக்கு அடுத்தவர் பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் கொடுக்க வராது. பக்கத்து வீட்டுக் கிண்ணத்தில் குழம்பு வந்தால், கிண்ணம் திரும்பும்போது அதில் இரண்டு முருங்கைக்காயாவது ஒரு கொத்து கருவேப்பிலையாவது இருக்கும். வீட்டில் ஒன்றுமே இல்லாத நாளில் ஒரு கரண்டி சீனி போட்டு அனுப்பியதைப் பார்த்திருக்கிறேன். இந்தப் பழக்கம்தான் அவரை ஒரு ஞாயிற்றுக்கிழமை சிக்கலில் மாட்டிவிட்டது.

மதினிக்கு மாட்டுத்தாவணி பூமார்க்கெட்டில் தாமரை பிரிக்கிற வேலை. கண்மாய்களிலிருந்து வரும் கட்டுகளை அவிழ்த்து, அழுகலைத் தள்ளி, மொக்குகளைத் தரம்வாரியாக அடுக்க வேண்டும். காம்பு வாடாமலிருக்கக் கட்டுக்குள், தண்டும் இலையுமான ஈரப் பாசியைச் சுற்றி அனுப்புவார்கள். பூ விற்றதும் பாசி குப்பைக்குப் போகும். மதினி மட்டும் அதில் பச்சையாக இருப்பதைப் பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுவருவார்.

வரிசை வீடுகள் கொண்ட எங்கள் வளவில் முன்பு குடியிருந்தவர்கள் ஒரு மீன்தொட்டியை விட்டுப் போயிருந்தார்கள். ஷேர் ஆட்டோ ஓட்டும் என் அண்ணன் பீமாராவ் அதைப் பழைய சாமான் கடைக்குப் போடச் சொன்னார். மதினி கேட்கவில்லை. தேய்த்துக் கழுவி, தண்ணீர் நிரப்பி, ஒரு வாரம் வெறும் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மீன் கொடுத்தவர் சிம்மக்கல் பாலாம்பாள் டீச்சர். வெள்ளிதோறும் மதினியிடம் தாமரை வாங்குகிறவர், பணி ஓய்வு பெற்றவர். அவர் வீட்டுக் கூடத்தில் பீரோ நீளத்துக்கு ஒரு தொட்டி உண்டு. அதிலிருந்து நாலு கப்பி மீன்களை ஊறுகாய் பாட்டிலில் பிடித்துக் கொடுத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை பாட்டிலைத் திருப்பிக் கொடுக்கும்போது, எங்கள் தொட்டியில் போட்ட அதே பாசியை மதினி அது நிறைய வைத்துக் கொடுத்தார். டீச்சருக்கும் சந்தோஷம்தான்.

அந்த வீட்டில் மதினிக்கு ஒரு நாற்காலி உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். பூக் கொடுக்கிற மற்ற வீடுகளில் வாசற்படியோடு சரி. டீச்சர் வீட்டில் உட்காரச் சொல்லிக் காப்பி தருவார்கள். மதினி அதை எங்களிடம் பெருமையாகச் சொன்னதில்லை. ஆனால் வெள்ளிக்கிழமைகளில் நல்ல சேலை கட்டிக்கொண்டு போவார்.

பத்து நாளில் எங்கள் தொட்டிக் கண்ணாடியில் மிளகளவில் நத்தைகள் ஊர்ந்தன.

"நான் விட்டது நாலு மீனு. இவுக யாரு வீட்டு விருந்தாளி?" என்று சிரித்தார் மதினி. விருந்தாளிகள் பெருகினார்கள். நூல் மாதிரி வெள்ளைப் புழுக்கள் வந்தன. இலைக்கடியில் அட்டை போல ஒன்று நெளிந்தது. இதற்கிடையில் ஒரு கப்பி குட்டி போட்டது. மதினி எண்ணினார், இருபத்துமூன்று. மறுவாரம் எண்ணும்போது பதினான்கு.

"தம்பி, நீங்க படிச்சதுதானே இதெல்லாம். என்னான்னு பாருங்க."

நான் விலங்கியல் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். படிப்பு முடிந்து இரண்டு வருடமாகத் தேர்வுகள் எழுதிக்கொண்டிருக்கிறேன். வேலைக்கு உதவாத படிப்பு இதற்காவது உதவட்டுமே என்று நினைத்தேனோ என்னவோ, தொட்டியைச் சரியாகக் கூடப் பார்க்காமல், "நத்தைதான் மதினி, குட்டியைத் தின்னுருது" என்றேன்.

மதினி நம்பினார். வெள்ளரிக்காய்த் துண்டைத் தண்ணீரில் போட்டு, அதில் மொய்த்த நத்தைகளை வழித்து எடுத்தார். நத்தை குறைந்தது. குட்டிகளும் குறைந்தன.

அந்த ஞாயிற்றுக்கிழமை, உலையில் அரிசி வேகும்போது தொட்டி முன் குத்தவைத்து உட்கார்ந்த மதினி எழவேயில்லை. திடீரென்று கத்தினார்.

"கொழுந்தனாரே, இங்க வாங்க! ஒங்க நத்தை இல்ல. இந்தா இருக்கு களவாணி!"

பாசித் தண்டோடு தண்டாக, மண் நிறத்தில், ஆறு காலோடு ஒன்று ஒட்டியிருந்தது. வாயில் ஒரு மீன்குட்டி. தட்டான்பூச்சி றெக்கை முளைப்பதற்கு முன் தண்ணீருக்குள் வாழும் உருவம் அது. கல்லூரி ரெக்கார்டு நோட்டில் அதை வரைந்து, பாகங்களைக் குறித்து, நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். உயிரோடு பார்த்தது அன்றுதான்.

நான் விவரத்தைச் சொன்னதும் மதினியின் சிரிப்பு நின்றது.

"டீச்சர் வீட்டுக்கும் இந்தப் பாசிதானே போச்சு?"

"அங்க இது இருக்கும்னு என்னா நிச்சயம்? நீங்க சொல்லாட்டி யாருக்கும் தெரியாது மதினி."

"அந்த மீனெல்லாம் டீச்சர் மக மதுவந்தி பாப்பா வளத்தது. வேலைக்கி வெளியூரு போகயில அம்மாட்ட விட்டுட்டுப் போயிருக்கு. அம்புட்டும் போயிருமே."

"சொன்னா, கண்மாய்ச் சகதியக் கொண்டாந்து வீட்டுக்குள்ள விட்டுட்டாம்பாங்க. பெறகு வாசலோட நிறுத்திருவாங்க. பரவாயில்லையா?"

மதினி எழுந்து சோற்றை வடித்தார். டீ வடிகட்டியைக் கூடைக்குள் போட்டார். "வாரீகளா, நான் மட்டும் போகவா?" என்றார்.

இருவரும் டவுன் பஸ் ஏறினோம். நான் அப்படிச் சொன்னது மதினிக்காகவா, அந்த வீட்டு வாசலில் நானும் நிற்க வேண்டியிருக்கும் என்பதற்காகவா என்று எனக்கே தெரியவில்லை.

"வா பாண்டிமீனா. இன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்லையே?" என்றார் டீச்சர். அவருடைய கணவர் ஹாலாஸ்யம் சார் பேப்பரைத் தாழ்த்திப் பார்த்தார். மதினி நாற்காலியில் உட்காரவில்லை.

"டீச்சர், நான் குடுத்த பாசியில ஒரு பூச்சி இருந்திருக்கு. மீன்குட்டியத் திங்குது. இங்கயும் இருக்கும். அலசாமக் குடுத்துட்டேன்."

டீச்சரின் முகம் சுருங்கியது. "அப்போ அந்த நத்தையும் உன்னாலதானா? மீன் கடைக்காரனோட நான் சண்டையே போட்டுட்டு வந்திருக்கேன்!"

பேப்பருக்குப் பின்னால் சார் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை. "பதினெட்டு குட்டி போட்டது. ஆறுதான் இருக்கு. மதுவந்தி கேட்டா நான் என்ன சொல்றது?"

"நான் தேடி எடுத்துத் தாரேன்." மதினி முந்தானையை இடுப்பில் செருகினார். பிறகு தயங்கினார். "தொட்டிக்குள்ள கை விடலாமா டீச்சர்?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டு, போகலாம் மதினி என்று சொல்லத் தயாராக இருந்தேன். டீச்சர் எழுந்துபோய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினார். "கரண்டோட கைய விட்டுடாதே, இரு" என்று தொட்டி மூடியைத் தானே தூக்கினார்.

ஒரு மணி நேரம் ஆனது. சார் டார்ச் அடித்து, "அங்க, அந்தக் கல்லுக்குப் பின்னாடி" என்று காட்டியதெல்லாம் நத்தை. மதினி மூன்று பூச்சிகளைப் பிடித்தார். நத்தைகளையும் எடுக்கப் போனபோது சார் தடுத்தார். "அது இருக்கட்டும்மா. பேப்பர் படிச்சு முடிச்சா எனக்கும் பார்க்க ஏதாவது வேணுமே."

டீச்சர் விடாமல் திட்டிக்கொண்டுதான் இருந்தார். "ஒரு தரம் அலசிட்டுக் கொண்டு வரப்படாதோ?" மதினி ஒவ்வொரு முறையும் "தப்புதான் டீச்சர்" என்றார். கடைசியில் டீச்சர் துண்டை நீட்டி, "ஈரக் கையோட நிக்காதே, உக்காரு" என்றார். மதினி உட்கார்ந்தார். காப்பி வந்தது. எனக்கும்தான்.

பூச்சிகளைப் போட்டுக்கொள்ள அதே ஊறுகாய் பாட்டிலைக் கொடுத்தார்கள். மறுநாளே தாமரை வண்டிக்காரரிடம் சொல்லி, எங்கள் தொட்டியில் பிடித்ததையும் சேர்த்து மதினி அவற்றைக் கண்மாய்க்கே அனுப்பிவிட்டார். "அது என்னா செய்யும், அதுக்கும் பசிக்குமில்ல."

நாங்கள் வாசல் இறங்கும்போது டீச்சர் பின்னாலிருந்து குரல் கொடுத்திருந்தார். "பாட்டில வெறுமனே கொண்டு வா, பாண்டிமீனா. கேட்டுதா?"

வியாழக்கிழமை சாயந்தரம் அந்தப் பாட்டில் கழுவிக் கவிழ்த்திருந்தது. மதினி அதை நிமிர்த்தினார், மறுபடி கவிழ்த்தார். அடுப்படிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தார். பிறகு பாட்டிலில் வைக்க நல்ல மொக்காக ஒரு தாமரையை எடுத்து, காம்பை மஞ்சள் தண்ணீரில் அலசித் துணியால் துடைத்தார்.

"தம்பி, ஒங்க பூதக்கண்ணாடியக் கொண்டாங்க. காம்புல ஏதாச்சும் ஒட்டியிருக்கான்னு பாருங்க."

பார்த்தேன். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு காம்பைத் திருப்பி, அடியிலிருந்து மறுபடியும் பார்க்க ஆரம்பித்தேன்.