தேதியக்கா

"கையைக் காட்டு."

இரும்பு மேசைக்கு அந்தப் பக்கம் நின்றவன் இரண்டு கைகளையும் நீட்டினான். தேதியக்கா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. வலது கட்டைவிரலைப் பிடித்துச் சன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, ஊசியில் நூல் கோக்கிறவர்போல ஒரு கண்ணைச் சுருக்கினார்.

"சுத்தம். பீங்கான் தட்டு மாதிரி வழவழன்னு இருக்கு. இதை வெச்சு மெஷின் என்னத்தைப் பிடிக்கும்?"

"சோப்புத் தண்ணிக்கா."

"நாளையிலேர்ந்து மடிப்புப் பக்கம் போ. தண்ணியைத் தொட்டது தெரிஞ்சுது, கையை ஒடிச்சு அதையும் ஃபைல்ல வெச்சுருவேன். ராத்திரி வாசலின் தடவி உறை மாட்டிட்டுத் தூங்கு. பொண்டாட்டி சிரிச்சா அக்கா சொன்னாங்கன்னு சொல்லு. அடுத்தது யாரு, ஜூலை எட்டா? வா."

ஜூலை எட்டு என்பது ஆள். அவனுடைய வேலை அனுமதி முடிகிற நாள். தொழிற்சாலையில் மொத்தம் நூற்று நாற்பது பேர். அதில் நூற்றுப் பன்னிரண்டு பேர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய பெயர்களில் பாதி, பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் அனுமதிக் கார்டில் ஒரு விதமாகவும் இருக்கும். "பேரை வெச்சு நான் என்ன பண்றது? பேரு காலாவதி ஆகுமா?" என்பது அக்காவின் வாதம். வருடாவருடம் நீட்டிப்பு கிடைக்கும்போது வருடம்தான் மாறும், தேதி மாறாது. ஆகவே வந்த புதிதில் விழுந்த தேதி ஆளோடு ஒட்டிக்கொள்ளும். சாப்பாட்டு அறை வரைக்கும் அந்த வழக்கம் பரவிவிட்டது. ஏப்ரல் இரண்டுக்கும் டிசம்பர் பதினேழுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்றால் இருபது பேருக்காவது விஷயம் புரியும். அக்காவுக்குப் பட்டப்பெயர் வந்ததும் இப்படித்தான். எதிரே இருக்கும்போது அக்கா. படியிறங்கிப் போனதும் தேதியக்கா.

ஆறு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளும் பதினோரு ஹோட்டல்களின் துண்டுகளும் இங்கேதான் வெளுக்க வருகின்றன. அக்காவின் அறை மாடியில், பிழியும் இயந்திரத்துக்கு நேர் மேலே. அது சுற்றத் தொடங்கினால் தரை நடுங்கும். மேசைமேல் இருக்கிற பேனா டப்பா எறும்பு வேகத்தில் நகர்ந்து விளிம்புக்கு வரும். மணிக்கு ஒரு தடவை, எழுதுகிற தலையை நிமிர்த்தாமலே, அதை இழுத்துப் பழைய இடத்தில் வைப்பார். சுவரை அடைத்துக்கொண்டு பன்னிரண்டு தட்டுகள் உள்ள மர அலமாரி. தட்டுக்கு ஒரு மாதம். தட்டுக்குள் ஃபைல்கள் தேதி வரிசையில் நிற்கும். கம்ப்யூட்டரிலும் ஒரு பட்டியல் உண்டு. கார்டு வந்ததும் அதில் ஏற்றிவிடுவார். ஏற்றியதைத் திரும்பப் பார்ப்பது மேலாளர் கேட்கும்போது மட்டும். "இது இருக்குல்ல?" என்று தன் நெற்றிப் பொட்டைத் தட்டிக் காட்டுவார்.

நீட்டிப்புக்கு மருத்துவச் சான்று, பாஸ்போர்ட், சம்பளச் சீட்டு எல்லாம் வேண்டும். அவையெல்லாம் காகிதம். காகிதத்தை அக்கா ஒரே நாளில் சேர்த்துவிடுவார். வம்பு விரலில்தான். பர்மிட் ஆபீசில் கண்ணாடித் தகட்டில் விரலை வைத்தால் அது பழைய ரேகையோடு பொருந்தியாக வேண்டும். சோப்பும் ப்ளீச்சும் ஒரு வருடத்தில் ரேகையைத் தின்று தீர்த்துவிடும். தேதிக்குப் பதினைந்து நாள் இருக்கும்போதே ஆளை ஈரத்திலிருந்து எடுத்து, உலர்ந்த துணி மடிக்கிற பகுதிக்கு மாற்றுகிற வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அக்காதான். பதினைந்து நாளில் புதுத்தோல் ஏறிவிடும். இதற்காக முதல் வருடம் சூப்பர்வைசர் சண்டை போட்டார். இரண்டாம் வருடம் முனகினார். இப்போது, "இந்த வாரம் எத்தனை உருப்படிக்கா?" என்று கேட்பதோடு சரி.

வீட்டிலும் பேச்சு இப்படித்தான் போகும். கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார். அவருடைய பிறந்தநாள் அக்காவுக்கு நினைவில் நிற்காது. ஓட்டுநர் உரிமம் முடிகிற நாளைத் தூக்கத்தில் தட்டிக் கேட்டாலும் சொல்வார். "என்னை எப்ப புதுப்பிக்கிறதா உத்தேசம்?" என்பார் கணவர். "மெடிக்கல்ல பாஸாகி வாங்க, பார்க்கலாம்." மகள் வெளியூரில் நர்சிங் படிக்கிறாள். தனக்கு ஒருவனைப் பிடித்திருப்பதாகத் தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். அக்கா குறுக்கே பேசாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "பையன் பாஸ்போர்ட் எவ்வளவு நாளைக்கு இருக்கு?" என்றார். மகள் போனை வைத்துவிட்டாள். "கேக்க வேண்டியதைத்தானே கேட்டேன்?" என்று கணவரைப் பார்த்தார். அவர் வேனைக் கழுவ எழுந்து போனார்.

அந்த வருடம் நவம்பர் முதல் தேதி, திங்கட்கிழமை, நவம்பர் பத்தொன்பதின் படிவத்தை நிரப்ப அவனுடைய ஃபைலை எடுத்தார். ப்ளீச் தொட்டியில் ஒன்பது வருடமாக நிற்பவன். மனைவியும் மகளும் கூடவே இருக்கிறார்கள். அவர்கள் இருவரின் அனுமதியும் இவனுடையதைப் பிடித்துத்தான் தொங்குகிறது. மகள் பத்தாம் வகுப்பு. பிப்ரவரியில் பரீட்சை. அக்கா கார்டைப் பார்த்து எண்ணை எழுதினார். தேதியை எழுதப் போய்ப் பேனா நின்றது. கார்டில் நவம்பர் ஐந்து என்று இருந்தது.

காரணம் பிடிபட அரை நிமிடம் ஆயிற்று. பாஸ்போர்ட் முடிகிற நாளைத் தாண்டி நீட்டிப்பு கொடுக்கமாட்டார்கள். அவனுடைய பழைய பாஸ்போர்ட் இந்த நவம்பர் ஐந்தோடு முடிவதாக இருந்ததால், போன வருடம் கார்டையும் அங்கேயே வெட்டிக் கொடுத்தார்கள். பிறகு அவன் புதுப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டான். கார்டு மட்டும் ஐந்தில் நின்றது. கம்ப்யூட்டரில் ஐந்து என்றுதான் ஏற்றியிருந்தார், தன் கையாலேயே. ஃபைலை மட்டும் பழக்கதோஷத்தில் பத்தொன்பதாம் தேதியின் இடத்தில் செருகியிருந்தார். வருடம் முழுக்க அவனைப் பத்தொன்பது என்று கூப்பிட்டும் வந்தார். வாய் கூப்பிட்டதையே மனசும் கணக்காக வைத்திருந்தது.

அன்று பேனா டப்பாவை இழுத்து வைக்க ஆளில்லை. அது விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தது.

ப்ளீச் பகுதிக்கு அவரே இறங்கிப் போனார். அவன் விரல் நுனி கிழிந்த ரப்பர் உறையை முழங்கை வரை மாட்டிக்கொண்டு தொட்டிக்குள் விரிப்பை அமுக்கிக்கொண்டிருந்தான்.

"அதை விடு. கையைக் கழுவிட்டு மேல வா."

சூப்பர்வைசர் குறுக்கே வந்தார். "என்னக்கா இது, பத்தொம்போதை வியாழக்கிழமைதானே எடுக்கறதா சொன்னீங்க?"

"தேதி முன்னாடி வந்துருச்சு."

"தேதி எப்படிக்கா முன்னாடி வரும்?"

"வரும்."

உலர்ந்த துணி உரசினாலும் தோல் போகும் என்று அவனை மடிப்புக்குக்கூட அனுப்பவில்லை. நான்கு நாளும் தன் அறையிலேயே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். வாசலின் தடவிய கைகளில் வெள்ளைப் பருத்தி உறை மாட்டி மடியில் வைத்துக்கொண்டு, புகைப்படம் எடுக்க வந்தவன்போல அவன் உட்கார்ந்திருந்தான். கீழே இருந்தவர்கள் ஆளுக்கு ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு மாடிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். "மாப்பிள்ளைக்குக் கால் அமுக்கி விடணுமாக்கா?" என்று கேட்டான் ஏப்ரல் இரண்டு. போன் அடித்தால் அவன் பதறி எழுவான்.

"உக்காரு. நீ எதையும் தொட வேண்டாம்."

"வேலை செய்யாம சம்பளம் வாங்கக் கூச்சமா இருக்குக்கா."

"மேனேஜரைப் பாரு. பழகிரும்."

மாலையில் உறையைக் கழற்றி விரலைப் பார்ப்பார். "வருது" என்பார். வியாழக்கிழமை மாலை இன்னும் கொஞ்சம் வாசலின் தடவி உறையைத் திரும்ப மாட்டினார்.

வெள்ளிக்கிழமைதான் ஐந்தாம் தேதி. பர்மிட் ஆபீசில் தரையோடு முடுக்கிய நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். டோக்கன் எண்பத்தாறு. பலகையில் ஐம்பத்து நாலு ஓடிக்கொண்டிருந்தது. அவன் தொண்டையைச் செருமினான்.

"அக்கா, கார்டுல அஞ்சுன்னு போட்டிருந்ததை நான் போன வருஷமே பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"நீங்க பத்தொம்போதுன்னே கூப்பிட்டீங்க. சரி, அக்காவுக்குத் தெரியாததா, கார்டுலதான் தப்பா அடிச்சிருக்காங்கன்னு விட்டுட்டேன்."

அக்கா டோக்கன் சீட்டை இரண்டாக மடித்தார். நாலாக மடித்தார். பிறகு விரித்து, எண்ணைச் சரிபார்ப்பவர்போல வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரிக்கு அக்காவைப் பன்னிரண்டு வருடமாகத் தெரியும். "கடைசி நாள்ல வந்திருக்கீங்களே மேடம், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்றார். அக்கா கார்டை நீட்டினார். அவன் வலது கட்டைவிரலை வைத்தான். சிவப்பு விளக்கு. இடது கட்டைவிரல். சிவப்பு. ஆட்காட்டி விரலுக்கு இயந்திரம் கொஞ்சம் யோசித்தது. பின்னால் வரிசையில் யாரோ இருமினார்கள். பிறகு சிவப்பு.

"ஓரத்துல வருது மேடம். பத்து நாள் விட்டா பிடிச்சிரும்."

"அந்தப் பத்து நாளுக்குத்தான் உங்ககிட்ட வந்திருக்கேன்."

அதிகாரி இழுப்பறையிலிருந்து ஒரு பச்சைப் படிவத்தை எடுத்துக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். அதில் 'தாமதத்துக்குப் பொறுப்பு' என்று ஒரு வரி. அதற்கு எதிரே இரண்டு கட்டங்கள். மேலே தொழிலாளி. கீழே நிறுவனம்.

"மேல் கட்டத்துல டிக் போடுங்க மேடம். வழக்கமா நீங்க அதானே போடுவீங்க."

"போட்டா?"

"தெரியாத மாதிரி கேக்கறீங்க. பதினாலு நாளைக்குள்ள குடும்பத்தோட கிளம்பணும். வெளியில இருந்து புதுசா அப்ளை பண்ணலாம், ஆறேழு மாசத்துல கிடைச்சிரும்."

"கீழ் கட்டம்?"

"இங்கேயே முப்பது நாள் கிடைக்கும். ஆனா யார் கையெழுத்துப் போடறாங்களோ அவங்க கையெழுத்து ஒரு வருஷத்துக்குச் செல்லாது. கம்பெனி வேற ஆளைப் போடணும். உங்களுக்கு எதுக்கு மேடம் இந்த வேண்டாத வேலை?"

இருபத்தொரு வருடத்தில் அக்கா மேல் கட்டத்தில் ஐந்து முறை டிக் போட்டிருக்கிறார். ஐந்தும் நியாயமாகப் போட்டவை என்று யாரும் கேட்காமலே சொல்வார். ஐந்து பேருடைய தேதியும் அவருக்கு இன்னும் தெரியும். கீழ்க் கட்டத்தில் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. நிறுவனத்தின் சார்பில் இங்கே கையெழுத்துப் போடும் உரிமை தொழிற்சாலையில் அவர் ஒருவருக்குத்தான், மேலாளருக்கே கிடையாது.

"மேலேயே போடுங்கக்கா" என்றான் அவன். "பார்த்துட்டுச் சொல்லாம இருந்தது நான்தானே. பொண்ணை எப்படியாவது பரீட்சை வரைக்கும் யார் வீட்டுலயாவது..."

"உறையை மாட்டு."

"இல்லக்கா..."

"கையில தூசி படுது. உறையை மாட்டுன்னு சொன்னேன்."

அவன் மாட்டினான். அக்கா கீழ்க் கட்டத்தில் டிக் போட்டார். விவரம் என்று இருந்த இடத்தில், 'கார்டில் உள்ள தேதியைப் பார்க்காமல் பழைய தேதியை நம்பியதால் தாமதம். நம்பியவர் கீழே கையெழுத்திடுபவர்' என்று எழுதினார். கையெழுத்தைப் போட்டு, வழக்கம்போல அடியில் ஒரு கோடும் இழுத்தார்.

அதிகாரி படித்துப் பார்த்தார். "இவ்வளவு விவரம் தேவையில்லையே மேடம்."

"இடம் விட்டிருக்கீங்களே."

அவர் முத்திரையைக் குத்தினார். முப்பது நாள்.

மறுநாள் சனிக்கிழமை, அரைநாள் வேலை. அக்கா எட்டு மணிக்கு வந்தார். மேலாளரிடம் விஷயத்தைச் சொன்னார். மேலாளர் கணக்குப் பிரிவில் இருக்கும் இளைஞரைக் கூப்பிட்டார். இளைஞர் மாதிரிக் கையெழுத்து மூன்று போட்டார். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. இன்னொரு தாள் கொடுத்தார்கள். சூப்பர்வைசர் ப்ளீச் தொட்டிக்கு வேறு ஆளை நிறுத்தினார். அவன் மடிப்புப் பகுதியில் கையுறையோடு தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தான். மற்றவர்களைவிட மெதுவாக மடித்தான். அக்கா காலை முழுக்க அலமாரியிலிருந்து ஃபைல்களை எடுத்து ஒவ்வொரு கார்டையும் பட்டியலோடு சரிபார்த்தார். ஜூன் வரை முடிந்தது. பதினொன்றரை மணிக்கு, திங்கட்கிழமை போகவேண்டிய மூன்று படிவங்களை நிரப்பி வைத்தார். கணக்குப் பிரிவு இளைஞர் மாடிக்கு வந்து, உட்காரலாமா என்று தெரியாமல் நின்றார். அக்கா முதல் படிவத்தை அவர் பக்கம் திருப்பினார்.

"எங்க போடணும் மேடம்?"

அக்கா படிவத்தின் அடியில் ஆட்காட்டி விரலை வைத்தார். அவர் போட்டு முடிக்கும் வரை எடுக்கவில்லை.