கை வைத்த நாற்காலி

பயன்பாட்டிலிருந்து நீக்கப்பட்ட மேசை நாற்காலிகளை ஏலம் விடுவதற்கு முன், அலுவலகத்தில் பணிபுரிபவரோ ஓய்வு பெற்றவரோ எழுத்து மூலம் கேட்டால், மதிப்பிட்ட விலைக்கு அவருக்குக் கொடுக்கலாம். விண்ணப்பம் கிடைத்த ஒரு மாதத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். எங்கள் அலுவலகக் கையேட்டில் உள்ள விதி இது. பணிக்காலம் முழுவதும் மற்றவர்களுக்கு எடுத்துக் காட்டியிருக்கிறேன். எனக்கே ஒருநாள் தேவைப்படும் என்று நினைக்கவில்லை.

எனக்கு வேண்டியிருந்தது கை இல்லாத ஒரு நாற்காலி.

கிடாரை மடியில் வைத்துக்கொண்டு கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்தால் தெரியும். நாற்காலியின் வலது கையில் கிடாரின் வயிறு இடிக்கும். இடது பக்கம் அதன் கழுத்தைத் தாழ்த்த முடியாது. கடைசியில் இருக்கையின் நுனிக்கு வந்து, வில்லாக வளைந்து வாசிக்க வேண்டும். நல்ல முதுகுள்ளவர்கள் அப்படி ஒரு மாலைப்பொழுது முழுக்க வாசிப்பார்கள். என் முதுகுக்கு இரண்டு பாட்டே அதிகம்.

எங்கள் அலுவலகத்தில் ஒருவரின் பதவியை அறியப் பெயர்ப்பலகை தேவையில்லை, நாற்காலியைப் பார்த்தால் போதும். குமாஸ்தாவுக்கும் தட்டச்சருக்கும் கை இல்லாத மர நாற்காலி. பிரிவுத் தலைவருக்குக் கை வைத்தது. அதற்கும் மேலே போனால் சுழல்வது, அதன் முதுகில் ஒரு வெள்ளைத் துண்டு. நான் கை இல்லாததில் தொடங்கித் துண்டு வரைக்கும் போனவன். ஓய்வு பெற்ற அன்று எல்லோரும் சேர்ந்து, தடித்த கைகள் கொண்ட கறுப்புச் சுழல் நாற்காலி ஒன்றைப் பரிசளித்தார்கள். என் மனைவியும் அதே கொள்கைக்காரிதான். எனக்குப் பதவி உயர்வு வந்த வருடமே, “ஆபீசர் வீட்டுல கையில்லாத சேர் எதுக்கு?” என்று சாப்பாட்டு மேசைக்குக்கூடக் கை வைத்ததாகப் பார்த்து வாங்கினாள். ஆக, ரிச்சர்ட்ஸ் டவுனில் உள்ள எங்கள் வீட்டில் எங்கே உட்கார்ந்தாலும் இரண்டு பக்கமும் யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோலவே இருக்கும்.

பரிசு நாற்காலியின் கைகளைக் கழற்றிவிடலாம் என்று ஒரு காலையில் ஸ்பானரோடு அதன் அடியில் படுத்தேன். படுத்த பிறகுதான் தெரிந்தது, அந்த வகை நாற்காலியில் முதுகு தனியாக நிற்பதில்லை. இருக்கையில் கை பொருத்தப்பட்டிருக்கிறது, கையில் முதுகு பொருத்தப்பட்டிருக்கிறது. கையை எடுத்தால் முதுகும் கூடவே வந்துவிடும். இந்த ஞானத்தோடு எழுந்திருக்க முயன்றபோது என் சொந்த முதுகு பிடித்துக்கொண்டது. அசைய முடியவில்லை. தொலைபேசி மேசைமேல் இருந்தது. வாசல் மணி இரண்டு முறை அடித்தது. யாரோ சற்று நின்றுவிட்டுப் போனார்கள். நாற்காலியின் அடிப்பாகத்தில் ஒட்டியிருந்த எச்சரிக்கைகளை எல்லாம் படித்து முடித்தேன். காய்கறிப் பையோடு மனைவி வந்து குனிந்து பார்த்தாள்.

“என்னங்க, மெக்கானிக் ஆயிட்டீங்களா?”

முதுகுக்குப் பயிற்சி சொல்லித்தரும் மருத்துவமனைப் பெண் கண்டிப்பானவள். “நின்னுகிட்டு ஸ்ட்ராப் மாட்டி வாசிக்கிறதெல்லாம் இனிமே வேணாம் அங்கிள். உக்காருங்க. பின்னாடி சப்போர்ட் இருக்கணும், பக்கத்துல எதுவும் இடிக்கக் கூடாது” என்றாள். கேட்பதற்கு எளிதாகத்தான் இருந்தது. கட்டில் அமுங்கியது. பிரம்பு மோடாவுக்கு முதுகு இல்லை. கை இல்லாத பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கினேன். அதன் இருக்கை கிண்ணம்போலக் குழிந்து, என்னை முதல் பாட்டிலேயே உள்ளே இழுத்துக்கொண்டது. கடைகளில் கண்டவை எல்லாம் சாய்ந்து படுப்பதற்காகச் செய்யப்பட்டவை. நிமிர்ந்து உட்காருபவர்களை இந்த ஊர் கைவிட்டுவிட்டது.

இதற்கெல்லாம் ஒரு கெடு இருந்தது. எங்கள் குடும்பம் கோலார் தங்கவயலிலிருந்து வந்து பெங்களூரின் பல மூலைகளில் இறங்கிய குடும்பம். கிறிஸ்துமஸ் மதியம் யாராவது ஒருவர் வீட்டில் எல்லோரும் கூடுவோம். சாப்பாட்டுக்கு முன் பாட்டு, அதற்குக் கிடார் நான். வேறு எதற்கும் என்னை யாரும் கேட்பதில்லை. விதிமுறை தெரிந்த மனிதனிடம் சொந்தக்காரர்கள் அளவோடுதான் பேசுவார்கள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் எல்லோரும் என் முகத்தைப் பார்த்துத்தான் பாட்டைத் தொடங்குவார்கள். இந்த முறை கூடுவது வைட்ஃபீல்டில், மனைவியின் தம்பி வீட்டில். அக்டோபரிலேயே அவன் தொலைபேசியில் சொன்னான்:

“மாமா, இந்த வருசம் நீங்க ஹாயா உக்காருங்க. கரோக்கி பாக்ஸ் வாங்கிட்டேன். எல்லாத்தையும் அது பாத்துக்கும்.”

பரிவோடுதான் சொன்னான். ஆனால் நான் அலுவலகத்தில் இருந்தவன். ஓராண்டு நிரப்பப்படாத பணியிடம் தானாக ரத்தாகிவிடும். அடுத்த ஆண்டு முதுகு சரியாகிப் போனாலும் அந்த இடம் இருக்காது.

அப்போதுதான் தட்டச்சர் நாற்காலி நினைவுக்கு வந்தது. இளம் குமாஸ்தாவாக இருந்தபோது மதிய இடைவேளைகளில் பதிவறையில் அதன்மேல் உட்கார்ந்துதான் கிடார் கற்றேன். நேரான முதுகு, இடுப்புக்குச் சரியாக ஒரு வளைந்த பலகை, பக்கங்களில் எதுவும் இல்லை. ஒருநாள்கூட வலித்ததில்லை. அந்த வகை நாற்காலிகளைப் பயன்பாட்டிலிருந்து நீக்கி அடித்தளத்தில் அடுக்கியிருந்தார்கள். விதியைக் குறிப்பிட்டு, ஒரு நாற்காலி கேட்டு விண்ணப்பம் அனுப்பினேன். அனுப்பிய செய்தி எப்படியோ பரவி, ஒக்கலிபுரத்தில் இருக்கும் பழைய அட்டெண்டர் தொலைபேசியில் என்னைக் கூப்பிட்டார். அவர் தமிழில் கன்னடம் கலந்திருக்கும்.

“சார், சும்னே லெட்டர் எதுக்கு சார்? ஞாயித்துக்கெழம ஆட்டோல போட்டு அனுப்பிர்றேன். கேட்ல நம்ம ஆளுதான்.”

“கேட் பாஸ்?”

“ஒடஞ்ச சேருக்கு கேட் பாஸா? குப்பைக்கு யாராச்சும் ஆதார் கேப்பாங்களா சார்?”

“விண்ணப்பம் நிலுவையில் இருக்கு. இப்ப எடுத்தா திருட்டு.”

“நீங்க மாறவே இல்ல சார்” என்றார். பாராட்டாக எடுத்துக்கொள்ள முடியாத குரல் அது.

ஒரு மாதம் முடிந்தது. நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன். டிசம்பர் பிறந்தது. இரண்டாவது நினைவூட்டை எழுதிக்கொண்டிருந்தபோது மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

“அந்த சேர்ல உக்காந்து வாசிச்சப்ப உங்களுக்கு என்ன வயசு?”

“இருபத்தஞ்சு.”

“அந்த வயசுல அம்மிக்கல்லு மேல உக்காந்திருந்தாலும் வலிச்சிருக்காது.”

எழுத்து மூலம் வராத கேள்விக்குப் பதில் தர வேண்டியதில்லை. கடிதத்தை முடித்து உறையில் போட்டேன். ஆனால் தபால்தலை ஒட்டும்போதே, அவள் சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் கேட்டுக்கொண்டிருந்தது நாற்காலியை அல்ல. நான் கேட்டதைத் தரும் அதிகாரம் எந்த அலுவலகத்துக்கும் இல்லை.

கிறிஸ்துமஸ் அன்று கிடாரை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்து வண்டியில் ஏறினேன். அவள் போய் அதைக் கொண்டுவந்து பின்னால் போட்டாள். வைட்ஃபீல்ட் போய்ச் சேரும்வரை நெரிசலில் நின்று நின்று, என் முதுகு அன்றைய பங்கை முன்கூட்டியே வாங்கிக்கொண்டது.

மச்சான் வீட்டில் ஆளை விழுங்கும் சோபாக்கள். நடுவில் நீல விளக்கு மின்னும் பெட்டி. முதல் பாட்டைப் பெட்டி தொடங்கியது. நல்ல சத்தம், ஆனால் சுருதி மேலே. தங்கவயல் அத்தைகள் இரண்டு வரி எட்டிப் பிடித்தார்கள், மூன்றாவது வரியில் வாயை மூடிக்கொண்டார்கள். இரண்டாவது பாட்டைப் பெட்டி மட்டும் பாடியது.

“இது எறங்கி வராதாப்பா?” என்றார் மூத்த அத்தை.

“வரும் அத்தை, இருங்க” என்று மச்சான் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

சாப்பாட்டு மேசையோரம் முதுகில்லாத ஒரு நீளப் பெஞ்சு இருந்தது. என் மனைவி அதைக் கூடத்துக்கு இழுக்கச் சொன்னாள். கிடாரை என் கையில் கொடுத்து என்னை ஒரு பக்கம் உட்காரவைத்தாள். அவள் மறுபக்கம் பார்த்து உட்கார்ந்தாள். அவள் முதுகு என் முதுகில் பட்டது.

“சாஞ்சுக்கோங்க. ரொம்ப சாயாதீங்க, எனக்கும் முதுகு இருக்கு.”

மச்சான் சிரித்தான். “அக்கா, மாமாவுக்குக் கையில்லாத சேர் கெடச்சிருச்சு.”

“கையில்லன்னு யாருடா சொன்னது? பக்கத்துல வா, காட்டறேன்.”

நான் சுருதியை இரண்டு கட்டை இறக்கித் தொடங்கினேன். அத்தைகள் என் முகத்தைப் பார்த்தார்கள், தலையசைத்தேன், சேர்ந்துகொண்டார்கள். பெட்டி கொஞ்ச நேரம் மின்னிவிட்டு அணைந்தது. வலி போய்விடவில்லை. அவள் பாடும்போது அவள் விலா விரிவது என் முதுகில் தெரிந்தது. எங்கே மூச்சு எடுப்பாள் என்று முதல்முறையாகப் பார்க்காமலே தெரிந்து வாசித்தேன். ஒரே சங்கடம், அவள் எழுந்தால் நான் பின்னால் சரிவேன், நான் எழுந்தால் அவள். பிரியாணி தம்மை யாராவது பாருங்கள் என்று அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே சத்தம் போட வேண்டியதாயிற்று.

இப்போது வீட்டிலும் அதே ஏற்பாடு. மாலையில் திவானில் நான் இந்தப் பக்கம், அவள் அந்தப் பக்கம், அவள் மடியில் கொட்டைக்காக உரிப்பதற்கு, பனிக்காலத்தில் மட்டும் வரும் அவரைக்காய். அவளுடைய நிபந்தனை ஒன்றுதான்: காய் தீர்ந்தால் பயிற்சி முடிந்தது. அப்பீல் கிடையாது.

ஒருநாள் பாட்டின் நடுவில் வாசல் மணி அடித்தது.

“யாரோ வந்திருக்காங்க” என்றேன்.

“நிக்கட்டும். இன்னும் ஒரு பிடி இருக்கு.”

கதவுக்கு அடியில் ஓர் உறை நுழைந்தது. காய் தீர்ந்த பிறகு எடுத்துப் பிரித்தேன். நாற்காலி ஒன்று தர ஒப்புதல் அளிக்கப்படுகிறது. கடிதத் தேதியிலிருந்து ஏழு நாட்களுக்குள் நேரில் வந்து பெற்றுக்கொள்ளாவிட்டால் ஒப்புதல் தானாக ரத்தாகும். கடிதத்தின் தேதி கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம்.

“என்ன எழுதியிருக்காங்க?”

“குடுத்துட்டாங்க. அது காலாவதியும் ஆயிடுச்சு. மறுபடி விண்ணப்பம் போடணும்.”

“போடுங்க. அவரைக்கா சீசன் முடியட்டும்” என்று தோல்களை அள்ளிக்கொண்டு அவள் உள்ளே போனாள்.

வழக்கம்போல் கடிதத்தின் வலது மூலையில் எழுதிவைத்தேன்: கிடைத்த நாள், ஜனவரி பத்தொன்பது.